'குடும்பத்தில் தற்கொலை வரலாறு: ஆம் / இல்லை' என்ற ஒரே கட்டம் ஏன் போதாது

கேள்வி இது. பெங்களூரில் மனநலச் சமூகப்பணி படிக்கும் மாணவர் ஒருவர், அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் நடந்த தற்கொலை மரணங்களை வைத்துத் தன் தீசிஸுக்கு ஒரு கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு செய்யப்போகிறார். இறந்தவர்கள் (கேஸ்) 100 பேர், ஒப்பிடுவதற்கு உயிரோடிருப்பவர்கள் (கன்ட்ரோல்) 100 பேர். படிவத்தில் 'குடும்பத்தில் தற்கொலை வரலாறு: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார். அது போதுமா, கிடைக்கும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது, பேட்டியின் நடுவில் வீட்டார் 'அப்போ எங்க பிள்ளைங்களுக்கும் இது வருமா?' என்று கேட்டால் என்ன சொல்வது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

போதாது. அந்த ஒரு கட்டத்துக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு சங்கதிகள் அடைந்து கிடக்கின்றன. பெற்றோரிடமிருந்து ரத்தத்தில் வரும் மரபு ஒன்று. குடும்பத்தில் தலைமுறையாக இருக்கும் மனச்சோர்வு, இருதுருவ மனநோய், குடிநோய் இன்னொன்று. ஒரே கூரையின் கீழ் எல்லோரும் சேர்ந்து பட்ட அடி, கடன், சண்டை மூன்றாவது. அந்த மரணமே பின்னால் விட்டுச்சென்ற துக்கம் நான்காவது. 'ஆம்' என்று டிக் அடித்தால் இவற்றில் எதை அளந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. கடந்த 50 ஆண்டு ஆய்வுகளின் வேலையே இந்த நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான். அவர்கள் எப்படிப் பிரித்தார்கள் என்று பார்த்தால் உங்கள் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

மரபையும் வளர்ப்பையும் பிரிக்க டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஷுல்சிங்கர் குழுவினர் 1979ல் வெளியிட்டது அது. தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து, பின்னர் தற்கொலையால் இறந்தவர்கள் 57 பேர். அவர்களுக்கு ஈடாக அப்படி இறக்காத தத்துப்பிள்ளைகள் 57 பேர். முதல் கூட்டத்தின் பெற்ற வழி உறவினர் 269 பேரில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். இரண்டாம் கூட்டத்தின் பெற்ற வழி உறவினரும் 269 பேர்தான். அதில் 2 பேர். வளர்த்த குடும்பங்களில் ஒருவரும் இல்லை. கூடவே வாழாத, பல பேருக்கு முகம்கூடத் தெரியாத உறவில் இந்த வித்தியாசம் வந்ததால், 'பார்த்துப் பழகியது' என்ற ஒரே விளக்கம் அடிபட்டுப்போனது. இங்கே கவனியுங்கள்: அவர்கள் எண்ணியது 'ஆம்' சொன்ன குடும்பங்களை அல்ல, ஆட்களை. எத்தனை உறவினர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் என்று. இதைக் கீழே மறுபடி எடுக்கிறேன்.

இரட்டையர் ஆய்வு அதே பக்கம் பேசுகிறது, ஆனால் ஒரு எல்லையும் போடுகிறது. அலெக் ராய் குழுவினர் 1991ல் சொன்னது: ஒருவராவது தற்கொலையால் இறந்த ஒருகரு இரட்டையர் 62 ஜோடிகளில் இருவருமே அப்படி இறந்தது 7 ஜோடிகளில், இருகரு இரட்டையர் 114 ஜோடிகளில் 2 ஜோடிகளில். மரபுக்குப் பங்கு உண்டு என்பது தெளிவு. அதே கணக்கில், மரபணு அச்சாக ஒன்றாக இருந்தும் 55 ஜோடிகளில் மற்றவருக்கு அது நேரவில்லை என்பதும் தெளிவு. 2023ல் வெளியான பன்னாட்டு மரபணு ஆய்வு, தற்கொலை முயற்சி செய்த 43,871 பேரின் மரபணுவைத் தேடி, முயற்சியோடு தொடர்புள்ள 12 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. 'தற்கொலை ஜீன்' என்று தலைப்பு போடும் செய்திகளை உங்கள் முன்னுரையில் சேர்க்காதீர்கள். அப்படி ஒன்று கிடையாது.

நோயையும் தற்கொலையையும் பிரித்துக் காட்டியது அமெரிக்காவில் தனித்து வாழும் கிறிஸ்தவப் பிரிவான அமிஷ் சமூகத்தில் நடந்த ஆய்வு, 1985. நூறு ஆண்டுகளில் 26 தற்கொலை மரணங்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு நான்கே நான்கு வம்சங்களில். ஆனால் அதே சமூகத்தில் மனச்சோர்வும் இருதுருவ மனநோயும் அதே அளவு நிறைந்த வேறு வம்சங்களும் இருந்தன. அங்கே தற்கொலை இல்லை. ஆக, நோய் இறங்குவது ஒரு வழி, தற்கொலைக்கான சாய்வு இறங்குவது இன்னொரு வழி, இரண்டும் பல இடங்களில் சேர்ந்தே போகின்றன. டென்மார்க்கின் பதிவேடுகளை வைத்து 2002ல் 4,262 மரணங்களை ஆராய்ந்தபோது இது எண்ணிக்கையாகவே வந்தது: பெற்றோரோ உடன்பிறந்தவரோ தற்கொலையால் இறந்திருந்தால் அபாயம் 2.58 மடங்கு, குடும்பத்தில் மனநோய் இருந்தால் 1.31 மடங்கு. ஒன்றை மற்றதற்குச் சரிக்கட்டிய பின்னும், அதாவது மற்றதன் பாதிப்பைக் கணக்கில் கழித்த பின்னும், முதல் எண் நின்றது. அதனால் உங்கள் படிவத்தில் இவை இரண்டும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். குடியைத் தனியாக மூன்றாவது வரியாக வையுங்கள். நம் வீடுகளில் அதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனநோய் பற்றிக் கேட்டால் 'அப்படி ஒண்ணும் இல்லைங்க' என்று போய்விடும்.

வீட்டுச் சூழலைப் பிரிக்க ஸ்வீடனில் உறவின் வகையையே கருவியாக்கினார்கள். உடன்பிறந்தவருக்கும் உடன்பிறந்தவருக்கும் ரத்தப் பங்கு பாதி, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதி. மரபு மட்டும்தான் என்றால் இரண்டு அபாயமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2011ல் வந்த கணக்கில் உடன்பிறந்தவர்களுக்கு 3.1 மடங்கு, பிள்ளைகளுக்கு 2.0 மடங்கு. ஒரே காலத்தில் ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு அந்த இடைவெளியில் இருக்கிறது. பிள்ளைகளிலும் வயது முக்கியம். ஸ்வீடனிலேயே 2010ல் வந்த ஆய்வில், பெற்றோரை இப்படி இழந்தபோது 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு அபாயம் சுமார் 3 மடங்கு. வளர்ந்து ஆளான பின் இழந்தவர்களுக்கு அந்த ஏற்றம் மிகக் குறைவு. எனவே உறவினர் இறந்த ஆண்டும், அப்போது உங்கள் கேஸின் வயதும் கட்டாயம் வேண்டும். 'அப்பா, தற்கொலை' என்று மட்டும் எழுதிவைத்தால் 7 வயதில் இழந்தவரும் 40 வயதில் இழந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

முயற்சிகளையும் கேளுங்கள். பல படிவங்கள் மரணத்தோடு நின்றுவிடுகின்றன. 2015ல் பிரென்ட் குழுவினர் மனநிலைக் கோளாறு உள்ள 334 பெற்றோரின் 701 பிள்ளைகளைப் பின்தொடர்ந்ததில், பெற்றோர் முயற்சி செய்திருந்தால் பிள்ளைகள் முயற்சி செய்யும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு வந்தது. பிள்ளையின் சொந்த மனநிலைக் கோளாற்றைக் கணக்கில் எடுத்த பின்னும். உயிர் பிழைத்த முயற்சி குடும்ப நினைவில் 'ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம்' என்ற ஒரே வரியாகச் சுருங்கிப்போயிருக்கும். அந்த வரியைக் கேட்டால் எதற்காக என்று நிதானமாக இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

நம் பக்கத்து ஆய்வுகளில் இரண்டை நீங்கள் கட்டாயம் படித்திருக்க வேண்டும். சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் 1999ல் வெளியிட்டது 100 மரணம், 100 ஒப்பீடு. அதில் குடும்பத்தின் மனநோய் வரலாறு பெரிய காரணிகளில் ஒன்றாக வந்தது. பெங்களூரிலேயே, தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் குருராஜ் குழுவினர் 2004ல் வெளியிட்டது 269 மரணம், 269 ஒப்பீடு. முந்தைய முயற்சி, வீட்டுப் பூசல், குடி, மனநோய், திடீர்ப் பணநெருக்கடி, குடும்ப வன்முறை எல்லாம் தனித்தனியாக நின்றன. இவற்றோடு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையைக் கலந்துவிடாதீர்கள். 2022ல் நாட்டில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் 31.7 விழுக்காட்டுக்கு 'குடும்பப் பிரச்சினைகள்' என்று போட்டிருக்கிறது. அது விசாரணையில் போலீஸ் எழுதும் காரணம். குடும்ப வரலாறு அல்ல. தீசிஸ் முன்னுரைகளில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கலாம்.

இப்போது எண்ணும் முறை. குடும்பம் பெரிதாக இருந்தாலே 'ஆம்' வரும் வாய்ப்பு கூடும். ஒவ்வோர் உறவினருக்கும் நூற்றில் ஒன்று வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், நான்கு முதல்நிலை உறவினர் உள்ள வீட்டில் ஒருவராவது அப்படி இறந்திருக்கும் வாய்ப்பு 3.9 விழுக்காடு, பத்து பேர் உள்ள வீட்டில் 9.6 விழுக்காடு. உங்கள் கேஸ்கள் வயதானவர்களாகவும் கன்ட்ரோல்கள் இளையவர்களாகவும் அமைந்துவிட்டால், இரண்டு மடங்குக்கு மேலான வித்தியாசம் வெறும் குடும்ப அளவிலிருந்தே வந்துவிடும். ஆகவே எல்லா முதல்நிலை உறவினரையும் பட்டியலிடுங்கள்: அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் எண், பால், பிறந்த ஆண்டு, உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வயதில், எதனால். குழந்தையிலேயே இறந்துபோனவர்களும் பட்டியலில் வர வேண்டும். அவர்கள் அபாயத்தில் இருந்த ஆண்டுகள் குறைவு என்பது கணக்கில் தானே சரியாகும். பகுப்பாய்வில் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு அலகு, குடும்பம் ஒரு கொத்து.

தமிழ்க் குடும்பத்தில் உறவு எழுதும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். 'எங்க அண்ணன் அப்படித்தான் போயிட்டார்' என்றால் அவர் கூடப் பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். முதல்நிலைக்கும் மூன்றாம்நிலைக்கும் உள்ள தூரம் அது. 'ஒரே அப்பா அம்மாவா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். இரண்டாவது, சொந்தத்தில் திருமணம். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டியிருந்தால், அந்த அக்கா பிறக்கும் பிள்ளைக்கு அம்மா வழியில் பாட்டி, அப்பா வழியில் அத்தை. அவர் தற்கொலையால் இறந்திருந்தால், அப்பா பக்கத்துக்காரர் 'அத்தை' என்று ஒரு மரணம் சொல்வார், அம்மா பக்கத்துக்காரர் 'பாட்டி' என்று ஒரு மரணம் சொல்வார். படிவத்தில் இரண்டாக ஏறிவிடும். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து வரைபடத்தில் ஒரே ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து இரண்டு கோடு இழுங்கள். ரத்தப் பங்கிலும் அவர் சாதாரணப் பாட்டி அல்ல: பாட்டி வழிக் கால் பங்கும் அத்தை வழிக் கால் பங்கும் சேர்ந்து, பெற்ற தாய்க்குச் சமமாகப் பாதி வருகிறது. இதைக் குறிக்கவில்லை என்றால் இரண்டாம்நிலை உறவு என்று எழுதி அதன் எடையைக் குறைத்துவிடுவீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் கெடுகின்றன. உறவினர் ஒருவரிடம் மட்டும் கேட்டுக் குடும்பம் முழுவதன் வரலாற்றையும் எழுதும் முறையில், சொன்னது பெரும்பாலும் உண்மையாக இருக்கும், ஆனால் சொல்லாமல் விடுபடுவது நிறைய. பெங்களூரில் இது இன்னும் கூடுதல். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்கும் ஒரு பக்க உறவு வேலூரிலோ திருவண்ணாமலையிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கும். கோலார் தங்கவயலில் 2001ல் சுரங்கம் மூடியபின் இங்கே வந்தவர்களின் உறவு நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும். இங்கே இருப்பவருக்கு ஒரு பக்கம் மட்டுமே தெரியும். குறைந்தது இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் அப்பா வழி, ஒருவர் அம்மா வழி. ஊரில் இருப்பவரிடம் போனில் பேசலாம், ஆனால் அவரிடமும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். வயதில் மூத்த பெண் ஒருவரை எப்படியாவது சேர்க்கப் பாருங்கள். யார் எப்போது எப்படிப் போனார்கள் என்பது அத்தைமார், பெரியம்மாமார் நினைவில்தான் ஒழுங்காக இருக்கும்.

ஆண்டு நினைவில்லை என்றால் நிகழ்ச்சியைச் சொல்லி நெருங்குங்கள்: எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பருக்கு முன்னா பின்னா, ராஜீவ் காந்தி இறந்த 1991 மேக்கு முன்னா, அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் காவிரிக் கலவரம் நடந்தபோது அவர் இருந்தாரா, 2004 சுனாமிக்குப் பிறகா. இரண்டு மூன்று கேள்வியில் ஓராண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம்.

கேஸ் வீட்டில் நீங்கள் பேசுவது இறந்தவரின் உறவினரிடம். கன்ட்ரோல் வீட்டில் நேராக அந்த ஆளிடமே கேட்டுவிட்டு வந்தால் ஒப்பீடு செல்லாது. அங்கேயும் அவருடைய உறவினரிடம்தான், அதே உறவு முறையில் உள்ளவரிடம்தான் கேட்க வேண்டும்: இங்கே மனைவி என்றால் அங்கேயும் மனைவி. அப்படிச் செய்தாலும் ஒரு சாய்வு மிஞ்சும். மரணம் நடந்த வீட்டில் 'ஏன், ஏன்' என்று பல இரவு பேசியிருப்பார்கள், பழைய மரணங்களைத் தோண்டியிருப்பார்கள். ஒன்றும் நடக்காத வீட்டில் அந்தத் தேடல் நடந்திருக்காது. இதற்கு ஒரே மருந்து, இரண்டு வீட்டிலும் ஆள் ஆளாகப் போவது. 'உங்க குடும்பத்துல யாராவது...' என்று மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொரு பெயரையும் எடுத்து அவர் எப்படி இருக்கிறார், எப்படி இறந்தார் என்று கேட்பது.

கேட்கும் வரிசை முக்கியம். முதல் அரைமணி நேரம் குடும்ப மரம் மட்டும். பிறகு உடல்நலம், வேலை, குடி, ஆஸ்பத்திரி. இளம் வயது மரணம் வரும்போது 'அவருக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 'வயித்து வலி தாங்காம', 'தவறிப்போய்', 'திடீர்னு', 'விபத்து' என்று பதில் வரும். அதில் பல உண்மையாகவே நோயும் விபத்தும்தான். அதற்குப் பிறகு ஒரு கேள்வி: 'அப்போ வீட்டுல யாருக்காவது, அவரே தன் உயிரை மாய்ச்சுக்கிட்டாரோன்னு ஒரு நினைப்பு இருந்ததாங்க?' குற்றம் சாட்டாத கேள்வி அது, 'இல்லை' என்று சொல்லவும் இடம் விடுகிறது. எந்த முறையில் என்ற விவரம் உங்களுக்குத் தேவையே இல்லை. கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னாலும் எழுதாதீர்கள். பதிலை மூன்று தரமாகக் குறியுங்கள்: உறுதி (இரண்டு பேர் சொன்னது, அல்லது ஆவணம் உண்டு), வாய்ப்பு அதிகம் (ஒருவர் தெளிவாகச் சொன்னது), சந்தேகம். பகுப்பாய்வை 'உறுதி'யை மட்டும் வைத்து ஒருமுறை, மூன்றையும் சேர்த்து ஒருமுறை நடத்துங்கள். இரண்டிலும் ஆட்ஸ் ரேஷியோ (குடும்ப வரலாறு இருப்பதன் வாய்ப்பு விகிதம் கன்ட்ரோலைவிடக் கேஸில் எத்தனை மடங்கு என்ற எண்) ஒரே திசையில் வந்தால் நம்பலாம்.

ஆவணத்தை நம்பி மட்டும் இருக்க முடியாது. பெங்களூரில் போலீஸ் யு.டி.ஆர். (இயற்கைக்கு மாறான மரண அறிக்கை) போட்டிருந்தால் போஸ்ட்மார்ட்டம் இருக்கும். ஊரில் நடந்த பழைய மரணத்துக்குப் பெரும்பாலும் ஒரு காகிதமும் இருக்காது. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை விதித்த, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு பயத்தில் மறைத்தவர்கள் எத்தனையோ. 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வழக்குப் போடக் கூடாது என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309 போன்ற பொதுப்பிரிவே இல்லை. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டும்போது இதை ஒரு வரியில் சொல்லுங்கள். போலீஸ் வழக்குப் பயம் போனால் வாய் திறக்கும். பெண் கொடுக்க எடுக்கத் தடையாகும் என்ற பயம் எந்தச் சட்டத்தாலும் போகாது. அதற்குத் தனியறையும் ரகசியமும்தான் வழி. ஒற்றை அறை வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. மாமியார் எதிரில் மருமகளிடமும் கூடாது.

காலக்கோடும் வையுங்கள். கேஸ் இறந்த நாளுக்கு முன் நடந்தவை மட்டுமே குடும்ப வரலாறு. அதன்பின் தம்பி இறந்தது இந்தக் கணக்கில் வராது. கன்ட்ரோலுக்கும் அதே தேதியை ஒதுக்கி, அதற்கு முன் நடந்தவற்றை மட்டும் எண்ணுங்கள்.

இனி 100, 100 என்ற எண். கன்ட்ரோல்களில் 4 விழுக்காட்டினருக்குக் குடும்ப வரலாறு இருக்கும், உண்மையான ஆட்ஸ் ரேஷியோ 2.5 என்று வைத்தால், அதை 80 விழுக்காடு பவரோடு (உண்மையில் இருக்கும் வித்தியாசம் ஆய்வில் தென்படும் வாய்ப்பு) பிடிக்கப் பக்கத்துக்குச் சுமார் 330 பேர் வேண்டும். 100, 100 வைத்து, கேஸில் 9 பேர், கன்ட்ரோலில் 4 பேர் என்று கிடைத்தால் ஆட்ஸ் ரேஷியோ 2.4 வரும், ஆனால் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, 0.7 முதல் 8 வரை நீளும். 'தொடர்பில்லை' என்று அதிலிருந்து முடிவெழுதுவது பெரிய தவறு. தீசிஸ் காலத்தில் 660 வீடு ஏற முடியாது என்றால், நோக்கத்தை மாற்றுங்கள்: ஆள்வாரியாக எண்ணும் முறை, ஒரு தகவலாளர் சொன்னதற்கும் இருவர் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம், மூன்று தரக் குறியீடு எப்படி வேலை செய்கிறது என்பவற்றை முதன்மையாக்கி, ஆட்ஸ் ரேஷியோவை இரண்டாமிடத்தில் வையுங்கள். தென்னிந்தியக் குடும்பங்களுக்கு அந்த வேலை உண்மையாகவே தேவைப்படுகிறது. உங்கள் கைடிடம் இதை இப்போதே பேசுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்குப் பிறகு முதன்மை நோக்கத்தை மாற்றினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டிவரும்.

சரிக்கட்டுவதில் ஒரு எச்சரிக்கை. இறந்தவரின் சொந்த மனச்சோர்வையும் குடியையும் மாடலில் சேர்த்ததும் குடும்ப வரலாற்றின் எண் இறங்கும். உடனே 'குடும்ப வரலாறு முக்கியமில்லை' என்று எழுதிவிடுவார்கள். குடும்பத்திலிருந்து அபாயம் வந்து சேரும் வழிகளில் ஒன்றே அந்த மனச்சோர்வு என்றால், வழியை அடைத்துவிட்டு ஆள் வரவில்லை என்பதாகிவிடும். சேர்க்காத மாடல், சேர்த்த மாடல் இரண்டையும் அட்டவணையில் அருகருகே கொடுங்கள்.

கடைசியாக, வீட்டார் கேட்கும் கேள்வி. மடங்கைச் சொல்லாதீர்கள். 'ரெண்டரை மடங்கு' என்று கேட்கும் தாய்க்கு அது தீர்ப்பாகத்தான் விழும். நேரான எண்ணைப் பாருங்கள்: 2022ல் நாட்டின் பதிவான விகிதம் லட்சத்துக்கு 12.4. டென்மார்க்கின் 2.58 மடங்கை அப்படியே இங்கே பொருத்துவது தோராயம்தான். பொருத்தினாலும் ஓராண்டில் லட்சத்துக்கு 32. மீதி 99,968 பேருக்கு அந்த ஆண்டில் அது நேர்வதில்லை. பதிவு பாதிதான் நடக்கிறது என்று எடுத்து இரட்டிப்பாக்கினாலும் படம் மாறாது. 2017ல் 50 ஆண்டுகளின் 365 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனியொரு அபாயக் காரணியை வைத்து யாருக்கு நேரும் என்று கணிப்பது குருட்டு யூகத்தைவிடச் சற்றே மேல் என்றுதான் தெரிந்தது. 'அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தா பிள்ளை ஜாக்கிரதையா இருக்கிற மாதிரி' என்று ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். பாதிதான் பொருந்தும், ஏனென்றால் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, இதற்கு இல்லை.

சொல்லக்கூடியது இவ்வளவு: 'கட்டாயம் வரும்னு எதுவும் கிடையாதுங்க. பெரும்பாலானவங்களுக்கு வர்றதில்லை. ஆனா தூக்கம் கெட்டா, ஆள் ஒதுங்கினா, குடி கூடினா, நான் இல்லாட்டா நல்லாருக்கும்னு பேசினா, மத்த வீட்டைவிட நீங்க சீக்கிரமா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்குறதால அந்த எண்ணம் வராது.' வீட்டில் உயிருக்கு ஆபத்தான பொருள்களைக் கைக்கெட்டாமல் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் மரணத்தை மறைத்திருந்தால், வயதுக்கேற்ற உண்மையைச் சொல்ல உதவி செய்ய ஆள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பிள்ளை கேள்வி கேட்க யாரும் இல்லாமல் தனித்துவிடும்.

அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எப்போதும், தமிழிலும் பேசலாம். அதை அச்சடித்த சிறு அட்டையை ஒவ்வொரு வீட்டிலும் கொடுங்கள், கன்ட்ரோல் வீட்டிலும். பேட்டியில் பேசுபவரே தனக்கு வாழப் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே படிவத்தை மூடுங்கள். அவரைத் தனியே விட்டு வராதீர்கள். அவர் சம்மதிக்கும் உறவினரைக் கூட உட்காரவைத்து, 14416க்கு அங்கிருந்தே பேசவைத்து, அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் அவசரப் பிரிவு இரவிலும் இருக்கிறது. உங்கள் கைடின் போன் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மரணம் நடந்து மூன்று மாதத்துக்குள் போகாதீர்கள், ஓராண்டுக்கு மேல் தள்ளாதீர்கள். முதல் திதி, இறந்தவரின் பிறந்தநாள், பொங்கல் தீபாவளி வாரங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள். ஒரு நாளில் ஒரு வீட்டுக்கு மேல் வேண்டாம். பேட்டி முடிந்த மறுநாள் ஒரு போன், ஒரு வாரம் கழித்து ஒரு போன். இரண்டிலும் ஆய்வைப் பற்றிப் பேசாமல் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். இந்த இரண்டு அழைப்புகளுக்கான நேரத்தையும், அவற்றைச் செய்யப்போவது யார் என்பதையும் புரோட்டோகாலில் இப்போதே எழுதுங்கள். சமர்ப்பிக்கும் தேதி நெருங்கும்போது முதலில் விட்டுப்போவது அவைதான்.